உறக்கத்திலும் ஓயாத இரத்தக் குழாய்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு தெருவில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றிருந்தேன். நண்பகல் வேளை. ஒரு வீட்டின் கதவு பாதி சாத்தியிருந்தது. இரும்பு உருக்காலையில் இரவு முறைப் பணியை முடித்துவிட்டு வந்த குடும்பத் தலைவர் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குறட்டை ஒலி வாசல்வரை கேட்டது. "எங்கள் வீட்டுக் கும்பகர்ணன்" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். தாயின் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை.

"குறட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், சாமி. நடுவிலே அது சத்தமில்லாமல் நின்றுபோகிறதே, அதுதான் பயமாயிருக்கிறது. எழுப்பலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டே படுத்திருப்பேன். அதற்குள் விக்கியதுபோல் ஒரு சத்தம் போட்டு மூச்சை இழுப்பார். மறுநாள் கேட்டால், 'நன்றாகத்தானே தூங்கினேன்' என்பார்."

பேச்சு வளர்ந்தபோது இன்னொன்றும் தெரிய வந்தது. அவர் இரத்தக் கொதிப்புக்கு மூன்று வகை மாத்திரைகள் சாப்பிடுகிறார், தவறாமல்தான் சாப்பிடுகிறார். ஆயினும் அழுத்தம் அடங்கவில்லை. "இந்த மூச்சு நிற்கும் செய்தியை டாக்டரிடம் சொன்னீர்களா அம்மா?" என்று கேட்டேன். "குறட்டையைப் போய் டாக்டரிடம் சொல்வார்களா, சாமி?" என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. அந்த அம்மா இருளில் கேட்கும் அமைதிக்கும், அவர் கணவருடைய அடங்காத இரத்த அழுத்தத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நான் மருத்துவம் பயின்றவன் அல்லேன். மருத்துவ அறிஞர்கள் ஆராய்ந்து கண்டவற்றைக் குடும்பங்களின் நலங்கருதி எளிய முறையில் எடுத்துரைக்கவே முனைகிறேன்.

சிரிப்புக்குரிய செய்தியா?

குறட்டை நம் நாட்டில் நெடுங்காலமாகவே நகைப்புக்குரிய பொருளாகிவிட்டது. திரைப்படத்தில் ஒருவர் குறட்டை விட்டால் கொட்டகையே சிரிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் அது என்று நம்புவோரும் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. குறட்டை என்பது, காற்று செல்லும் வழி குறுகிவிட்டது என்பதற்கான ஒலி. அவ்வழி குறுகுவதோடு நில்லாமல் முற்றிலும் அடைபட்டுப் பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு தடைபடுமானால், அதனை மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்கிறார்கள். நாம் அதனை உறக்க மூச்சடைப்பு எனலாம்.

இந்தித் திரையிசையில் புகழ்பெற்ற பப்பி லஹிரி 2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மும்பையில் தமது 69-ஆம் வயதில் இறந்தபோது, அவருக்கு மருத்துவம் செய்தவர்கள் காரணமாகக் கூறியது இந்த உறக்க மூச்சடைப்பையே. அன்றுதான் இந்நோயின் பெயரை நம் நாட்டில் பலர் முதன்முதலாகக் கேட்டனர். ஆனால் நோய் புதியதன்று, அரியதும் அன்று. 2004-இல் மும்பை மருத்துவர்கள் 35 முதல் 65 வயதுக்குட்பட்ட நகர்ப்புற ஆண்களிடையே நடத்திய ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்கு உறக்கத்தில் மூச்சுத் தடை இருப்பது தெரிந்தது. சென்னையில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்கு 40 பேர் குறட்டை விடுபவர்களாகக் காணப்பட்டனர். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, உழைக்கும் வயதிலுள்ள இந்தியருள் சுமார் 10 கோடியே 40 இலட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. ஆண்களில் நூற்றுக்கு 13 பேர். பெண்களில் 5 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமக்கு நோய் உள்ளதென்றே அறியாதவர்கள். உறங்குபவருக்குத் தம் மூச்சு நிற்பது எவ்வாறு தெரியும்?

பகலில் அளப்பதும் இரவில் நடப்பதும்

இரத்த அழுத்தம் என்பதை முதன்முதலில் அளந்து எழுதிவைத்தவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் பங்குக் குருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலிக்கன் சபையினர். ஒரு குதிரையின் தமனியில் மெல்லிய பித்தளைக் குழலைச் செருகி, அதனோடு நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்துக்கு எழும்பி நின்றது! 1733-இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார். பின்னர் 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி கையில் சுற்றும் பட்டையைக் கண்டுபிடித்தார். இன்று நம் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் சுற்றும் பட்டை அதன் வழிவந்ததே.

ஆனால் இந்தப் பட்டை பெரும்பாலும் பகலில்தான் நம் கையில் ஏறுகிறது. அதுவும் நாம் விழித்து உட்கார்ந்திருக்கும் ஒரு கணத்தில். இரத்த அழுத்தமோ ஒரு நாளில் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். உழைக்கும்போது ஏறும், உறங்கும்போது தணியும். நலமாயிருக்கும் ஒருவருக்கு உறக்கத்தில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை அழுத்தம் குறைகிறது. பகலில் மேலளவு 130 இருந்தால், உறக்கத்தில் 104-க்கும் 117-க்கும் இடையே வந்துவிட வேண்டும். பகலெல்லாம் மூட்டை சுமந்த தொழிலாளி இரவில் சுமையை இறக்கி வைப்பதுபோல, இதயமும் இரத்தக் குழாய்களும் சில மணி நேரம் இளைப்பாறும் ஏற்பாடு இது.

எல்லாருக்கும் இந்த இளைப்பாறுதல் கிடைப்பதில்லை. 1988-இல் அயர்லாந்தின் டப்ளின் நகர மருத்துவர்கள், இரவில் அழுத்தம் தணிபவர், தணியாதவர் என மக்களை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். ஜப்பானில் ஒஹசாமா என்னும் நாட்டுப்புற ஊரில் 1,542 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரவுத் தணிவு நூற்றுக்கு 5 பங்கு குறையும்தோறும், இதயநோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் அபாயம் ஏறத்தாழ 20 பங்கு கூடுவதை அது காட்டியது. பகலில் அழுத்தம் சரியாயிருந்தவர்களுக்கும் இது பொருந்திற்று என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. பகல் கணக்கு நன்றாயிருப்பதால் இரவுக் கணக்கும் நன்றாயிருக்கும் என்பதற்கில்லை.

தொண்டையில் நடப்பது என்ன?

இரவில் அழுத்தம் தணியாமைக்குப் பல காரணங்கள் உண்டு. சிறுநீரக நோய், நீரிழிவு, உப்பு மிகுதி ஆகியவை அவற்றுள் சில. அடிக்கடி காணப்பட்டும் அடிக்கடி கவனிக்கப்படாமலே போகும் காரணம் உறக்க மூச்சடைப்பு.

உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. கழுத்தில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், கீழ்த்தாடை சிறுத்தவர்களுக்கும், உள்நாக்குச் சதைகள் பெருத்தவர்களுக்கும் காற்றுவழி எளிதில் அடைபடுகிறது. பருத்த உடலினர்க்கே இந்நோய் வரும் என்பது தவறு. ஆசிய நாட்டு மக்களிடையே முக, தாடை அமைப்பின் காரணமாக மெலிந்தவர்க்கும் இது வருவதுண்டு.

வழி அடைபட்டதும் மார்பு காற்றை இழுக்க முயன்று தோற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு மிகுகிறது. மூளை இதனைப் பேராபத்தாகக் கொண்டு, ஆபத்து வேளையில் உடலை முடுக்கும் நரம்புகளை முடுக்கிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உறங்குபவர் ஒரு நொடி அரைகுறையாக விழித்து, ஓசையோடு மூச்சை இழுத்து, மீண்டும் உறக்கத்தில் ஆழ்கிறார். அந்தக் கணத்தில் அவருடைய இரத்த அழுத்தம் திடீரென மேலே தாவுகிறது. 1995-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் நரம்பில் மிக நுண்ணிய ஊசியைப் பொருத்தி இதனை அளந்தனர். விழித்திருக்கையில் சராசரியாக 92 ஆக இருந்த அழுத்தம், கனவு காணும் உறக்கத்தில் மூச்சடைப்பின் முடிவில் 127 வரை ஏறியது. இங்கே சராசரி என்பது மேலளவுக்கும் கீழளவுக்கும் இடைப்பட்டது.

மணிக்கு 5 முதல் 14 முறை மூச்சு தடைப்பட்டால் நோய் இலேசானது; 15 முதல் 29 வரை நடுத்தரமானது; 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. மணிக்கு 30 முறை என்றால், ஏழு மணி நேர உறக்கத்தில் 210 முறை! இருநூற்றுப் பத்து முறை அழுத்தம் எழுந்து விழுகிறது. பட்டறையில் சம்மட்டி அடிப்பதுபோல் ஓரிரவு முழுவதும் இரத்தக் குழாய்களின் மேல் அடி விழுகிறது. உறங்கியவரோ காலையில் எழுந்து, "நன்றாகத்தானே தூங்கினேன்" என்கிறார்.

தமனிகள் இறுகும் விதம்

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச்செல்லும் தமனிகள் வெறும் குழாய்கள் அல்ல. அவற்றின் உட்புறத்தில் மிக மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று உண்டு. இப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரந்து தமனியை நெகிழவைக்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைவதும் மீண்டும் நிறைவதுமாக இரவெல்லாம் மாறி மாறி நடக்கும்போது, இப்படலம் அழற்சி அடைகிறது. நெகிழ்விக்கும் பொருள் குறைகிறது. நாளடைவில் தமனியின் சுவர் தடித்து விறைக்கிறது. கொழுப்பு படிய இடமாகிறது. வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாய் தன் நெகிழ்ச்சியை இழப்பதைப் போன்றது இது. விறைத்த குழாயில் இரத்தத்தைச் செலுத்த இதயம் மேலும் பாடுபட வேண்டும். இவ்வாறு இரவின் அழுத்தம் பகலுக்கும் பரவிவிடுகிறது.

இதற்குச் சான்றுகள் பல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உறக்கத்தில் மூச்சுத் தடை மிகுந்தவர்களுக்கு நான்கு ஆண்டுகளில் இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பும் மிகுதி என அது காட்டியது. மறு ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில், பல மாத்திரைகளுக்கும் அடங்காத இரத்தக் கொதிப்புடைய 41 பேரைச் சோதித்தனர். நூற்றுக்கு 83 பங்கினருக்கு உறக்க மூச்சடைப்பு இருந்தது! 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இதயநோயால் திடீரென இறந்த 112 பேரின் மரண நேரத்தை ஆராய்ந்தனர். நள்ளிரவு முதல் காலை ஆறு மணிக்குள் இறந்தோர், இந்நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 21 பங்கு. நோய் உள்ளவர்களிலோ 46 பங்கு. பிறருடைய இதயம் ஓய்வுகொள்ளும் நேரமே இவர்களுக்குப் பேராபத்தின் நேரமாயிற்று. "தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு" என்று நாம் ஆறுதல் கூறும் சில இறப்புகளின் பின்னே, தடுத்திருக்கக்கூடிய ஒரு நோய் இருந்திருக்குமோ என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நம் பகுதிக்கு என்ன தொடர்பு?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகைத் தொழிற்பேட்டைகளிலும் திருவள்ளூரைச் சூழ்ந்த ஆலைகளிலும் உழைப்பவர்களில் பலர் முறை மாறி மாறி வேலை செய்பவர்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. இரவு முறைக்காரருக்குப் பகலே இரவு. அவருடைய அழுத்தம் தணிய வேண்டியது பகல் உறக்கத்தில்தான். தகரக் கூரையின் வெப்பத்திலும், தெருவின் இரைச்சலிலும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் ஆரவாரத்திலும் அவர் உறங்குவது நான்கைந்து மணி நேரம். அந்தக் குறுகிய உறக்கத்திலும் மூச்சு அடைபடுமானால், அவருடைய தமனிகள் எப்போதுதான் இளைப்பாறும்?

இங்கு ஒரு செய்தியை முக்கியமாகக் கூற வேண்டும். 24 மணி நேரமும் கையில் பட்டையை அணிந்து, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி உண்டு. இரவு முறைத் தொழிலாளிக்கு அதனைப் பொருத்தும்போது, அவர் எப்போது உறங்கினார், எப்போது எழுந்தார் என்பதைத் தாளில் குறித்துக்கொடுக்க வேண்டும். இல்லையேல் அவர் உலைக்கருகே நின்ற நேரத்தை உறக்கம் என்றும், உறங்கிய நேரத்தை விழிப்பு என்றும் தவறாகக் கணக்கிட நேரிடும்.

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் சகோதரர்களையும் மறப்பதற்கில்லை. உறக்க மூச்சடைப்பு உள்ளவர் வண்டி ஓட்டுகையில் கண்ணயர்ந்து விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு, பிறரைவிட இரண்டு மடங்குக்கும் மேல். "சொன்னால் வேலை போய்விடும்" என்ற அச்சத்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. சொல்லாமல் ஓட்டுவதால் உயிரே போகலாம். வேறொரு குடும்பத்தின் உயிரும் போகலாம். மருத்துவம் பெற்றபின் பகல் மயக்கம் நீங்கி நலமாக ஓட்டுவோர் பலர் உண்டு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம்.

மற்றொன்று மது. உடம்பு வலி போக, வேலை முடிந்து திரும்பும்போது குடிப்பது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகிறது. அரை நிமிடம் அடைபட வேண்டிய மூச்சு ஒரு நிமிடம் அடைபடும். மருத்துவரைக் கேளாமல் விழுங்கும் தூக்க மாத்திரைகளும் இத்தகைய கேட்டையே விளைவிக்கக்கூடும்.

கண்டுகொள்வது எப்படி?

கனடா நாட்டு மருத்துவர்கள் 2008-இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் எளிய முறையை வெளியிட்டனர். அதனை எந்தக் குடும்பமும் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, மூடிய கதவுக்கு அப்பாலும் கேட்கும்படி உரத்த குறட்டை உண்டா? இரண்டு, பகலில் அடிக்கடி களைப்போ தூக்கமோ வருகிறதா? மூன்று, உறக்கத்தில் மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்ததுண்டா? நான்கு, இரத்தக் கொதிப்பு உண்டா, அல்லது அதற்கு மருந்து சாப்பிடுகிறாரா? ஐந்து, உடல் மிகப் பருத்திருக்கிறதா? ஆறு, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டதா? ஏழு, கழுத்தின் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? எட்டு, அவர் ஆணா?

மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்ற விடை வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். ஐந்துக்கு மேல் வந்தால் காலந்தாழ்த்தலாகாது. காலையில் எழும்போது தலைவலி, வாய் வறட்சி, இரவில் பல முறை சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவையும் அடையாளங்களே.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். மாதவிடாய் நின்றபின் பெண்களிடையே இந்நோய் மிகுகிறது. அவர்களிடம் உரத்த குறட்டையைவிடத் தூக்கமின்மை, சோர்வு, மனக்கலக்கம் ஆகியவையே முன்னே தோன்றலாம். கணவரின் மூச்சை மனைவி விழித்திருந்து கேட்கிறார். மனைவியின் மூச்சைக் கேட்கும்முன் கணவர் உறங்கிவிடுகிறார். ஆகவே மகளும் மருமகளும் தாய்மாரைக் கவனிக்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு குறட்டையோடு உறங்கும் சிறு பிள்ளைகளையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவது நலம்; பெரும்பாலும் தொண்டைச் சதை வளர்ச்சியே அங்கே காரணமாயிருக்கும்.

நோயை உறுதி செய்வது உறக்கப் பரிசோதனை. ஓரிரவு முழுவதும் மூச்சு, பிராணவாயு அளவு, இதயத் துடிப்பு முதலியவற்றைக் கருவிகள் பதிவு செய்யும். இதனை மருத்துவமனையிலும் செய்யலாம். சிலருக்கு வீட்டிலேயே சிறு கருவியால் செய்வதும் உண்டு. திருவள்ளூரில் 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியிலும், கும்மிடிப்பூண்டி இரயில் வழியில் எளிதில் சென்றடையக்கூடிய வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களையும் நுரையீரல் மருத்துவர்களையும் கண்டு, எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்டறியலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழகத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால், இரத்த அழுத்தம் அளப்பதும் மாத்திரை தருவதும் வீட்டு வாசலுக்கே வந்தன. வாசலில் அளப்பவர் காண்பது பகலின் அழுத்தத்தை. இரவின் செய்தியை வீட்டார்தாம் அவருக்குச் சொல்ல வேண்டும்.

மருந்து உண்டா?

உண்டு. 1981-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின்மேல் ஒரு கவசம் பொருத்தி மெல்லிய காற்றழுத்தத்தைத் தொடர்ந்து செலுத்தினால் தொண்டை அடைபடாது என்பதை ஐந்து நோயாளிகளிடம் மெய்ப்பித்தார். 'சி-பேப்' என இன்று வழங்கும் கருவி அதுவே. அது பிராணவாயு சிலிண்டர் அன்று. அறையிலுள்ள காற்றையே செலுத்துகிறது. உள்ளே செல்லும் காற்றே தொண்டை மூடாதபடி தாங்கி நிற்கிறது.

அதன் பயன் எவ்வளவு? மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2013-இல் ஸ்பெயின் நாட்டில், மாத்திரைகளுக்கு அடங்காத கொதிப்புடைய 194 பேரிடம் சோதித்தனர். பன்னிரண்டு வாரம் கருவி அணிந்தவர்களின் 24 மணி நேரச் சராசரி அழுத்தம், அணியாதவர்களினதைவிட 3 அளவு கூடுதலாகக் குறைந்தது. இது சிறியதாகத் தோன்றும். ஆனால் இரவில் அழுத்தம் தணிவோர் தொகை, அணியாதவர்களில் நூற்றுக்கு 22 ஆகவும் அணிந்தவர்களில் 36 ஆகவும் இருந்தது. பிரேசிலின் சாவோ பாலோவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மாதம் கருவி அணிந்த கடும் நோயாளிகளின் தமனி விறைப்பும் கழுத்துத் தமனிச் சுவரின் தடிப்பும் குறைந்தன. ஆய்வு சிறியதே, மொத்தம் 24 பேர். எனினும், விறைத்த தமனி மீண்டும் ஓரளவு நெகிழக்கூடும் என்பது நம்பிக்கையூட்டும் செய்தி அன்றோ?

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில், ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ கண்ட 2,717 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான பெரிய ஆய்வில், கருவி தரப்பட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை தெளிந்தது. அவர்கள் கருவியை அணிந்தது சராசரி இரவுக்கு மூன்றேகால் மணி நேரமே என்பதையும் கருத வேண்டும். முழங்கால்வரை நனைந்தவன் குளித்துவிட்டதாகச் சொல்ல முடியுமா? கருவியை வாங்கிப் பரணில் வைப்பதும், பாதி இரவில் கழற்றி எறிவதும் பயன் தரா. கவசம் பொருந்தவில்லையென்றால் வேறு அளவு உண்டு. மூக்கு உலர்ந்தால் ஈரப்பதம் தரும் அமைப்பு உண்டு. மருத்துவரிடம் திரும்பச் சென்று சொல்ல வேண்டும். கருவி வந்துவிட்டது என்று இரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் தாமே நிறுத்திவிடுவதும் பெருந்தவறு.

பணச்செலவில்லாத வழிகளும் உள்ளன. முன்னே சொன்ன விஸ்கான்சின் ஆய்வில், உடல் எடை நூற்றுக்கு 10 பங்கு குறைந்தால் மூச்சடைப்பு 26 பங்கு குறைவதும், அதே அளவு எடை கூடினால் 32 பங்கு மிகுவதும் காணப்பட்டன. 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைத்தால் இப்பயன் கிட்டலாம். ஒருக்களித்துப் படுத்தல், மதுவை அறவே விடுதல், புகையிலையை விடுதல், ஊறுகாய், அப்பளம், கருவாட்டின் உப்பைக் குறைத்தல் ஆகியவை எல்லார்க்கும் இயல்பவை. சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவியும், சிலருக்கு அறுவை மருத்துவமும் உதவுகின்றன. உடற்பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செபடைடு என்னும் ஊசி மருந்தை 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இருளில் கேட்கும் காது

தொடக்கத்தில் கூறிய அந்த வீட்டிற்குச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் சென்றேன். அந்த அம்மா தயங்கித் தயங்கி, கணவருடன் மருத்துவரிடம் சென்று தாம் கேட்டதையெல்லாம் சொல்லியிருக்கிறார். "இதை முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றாராம் மருத்துவர். பரிசோதனையில் நோய் கடுமையானது எனத் தெரிந்தது. முதலில் கவசத்தை அணிய அவர் வெட்கப்பட்டார். பிள்ளைகள் யானை முகம் என்று கேலி செய்தார்களாம். தாய் ஒரு நாள் அவர்களை உட்காரவைத்து, அப்பாவின் மூச்சு நிற்பதையும் அதனால் விளைவதையும் விளக்கினார். அன்றோடு கேலி நின்றது. இப்போது கவசத்தின் வாரைச் சரிசெய்து கொடுப்பவன் இளைய மகன்.

அழுத்தம் முழுவதும் அடங்கிவிட்டது என்பதற்கில்லை. மூன்று வகை மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் குறைத்திருக்கிறார். பகலில் எரிந்து விழுவது குறைந்திருக்கிறது என்று மனைவி சொன்னார். "நீங்களாவது இப்போது தூங்குகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். "பழக்கதோஷம், சாமி. நடுவில் விழித்துக் கேட்டுப் பார்ப்பேன். மூச்சு சீராய்ப் போய்வரும். மறுபடி தூங்கிவிடுவேன்" என்றார்.

இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவிகள் பல வந்துவிட்டன. ஆனால் உறங்குபவரின் மூச்சு நின்றதை முதலில் அறிவது அருகில் படுத்திருப்பவரின் காதே. இன்றிரவு செபம் முடித்து விளக்கை அணைத்தபின், உங்கள் வீட்டிலும் சற்று நேரம் காதுகொடுத்துக் கேளுங்கள். குறட்டை உரக்க எழுந்து, திடீரென்று நின்று, மீண்டும் விக்கலோடு தொடங்குமானால் சிரிக்க வேண்டாம். அஞ்சி ஒளிக்கவும் வேண்டாம். விடிந்ததும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.